நிலமும் பொழுதும் நெஞ்சின் அமைதியும்

அமைதியை விரும்பாதார் உலகில் ஒருவரும் இலர். செல்வரும் வறியரும், கற்றாரும் கல்லாரும், இளையரும் முதியரும் தத்தமக்கு இயன்ற வழியில் அதனைத் தேடுகின்றனர். அவ்வாறு தேடுவோரிற் பலர் இயற்கையை நாடிச் செல்லுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். மலைச்சாரல், ஆற்றங்கரை, கடற்றுறை, பூம்பொழில் முதலிய இடங்களை அடைந்தால் உள்ளத்தின் கொதிப்பு அடங்கும் என்பது யாவரும் ஒப்பும் உண்மை. எனினும், இயற்கை நமக்கு அமைதி தருவது எவ்வாறு? கண்ணுக்கு இனிய காட்சியைத் தருதலாலா? அவ்வாறாயின், காட்சி தன் இனிமையை இழந்தபோது அமைதியும் ஒழிந்துவிடுமன்றோ? மாரியிற் பசுமை போர்த்துக் கிடந்த வெளி கோடையிற் கருகுகின்றது. நம் அமைதியும் அதனோடு சேர்ந்து கருகுமாயின், அதனை அமைதி என்றல் பொருந்தாது. சிறிதுநேர மயக்கம் என்றலே பொருந்தும். இவ்வினாவிற்கு விடை காண முயலுதலே இக்கட்டுரையின் நோக்கம். அதன்பொருட்டு நாம் வெகுதூரஞ் செல்லவேண்டியதில்லை. நம் முன்னோர் வகுத்த திணைநெறியும், நாம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஓராண்டுச் சுழற்சியும் அதற்குப் போதியனவாம்.

தமிழிலக்கணம் எழுத்தோடும் சொல்லோடும் அமையாது வாழ்க்கைக்கும் இலக்கணம் கூறுவது. அப்பொருளிலக்கணத்திலே தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றனை வகுத்து வைத்தார். முதற்பொருள் என அவர் கூறுவன நிலமும் பொழுதுமாகிய இரண்டே. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள்களாய் அவற்றின்பின் வருகின்றன. மக்கள் உள்ளத்து ஒழுக்கமாகிய உரிப்பொருள் இறுதியில் வைத்து எண்ணப்படுகின்றது. பாட்டிற் பயிலுமிடத்து மூன்றனுள்ளும் சிறந்து நிற்பது உரிப்பொருளே. ஆயினும், அவ்வுரிப்பொருள் நிற்பதற்கு ஓர் அடித்தளம் வேண்டும். அவ்வடித்தளம் நிலமும் பொழுதும் என்பதே ஆசிரியர் கருத்து. மனித உள்ளம் வெறுவெளியில் மிதப்பதன்று. அஃது ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஒரு காற்றிலும் ஒளியிலும் நின்றே மகிழ்கின்றது, வருந்துகின்றது, ஆறுகின்றது.

இவ்விரண்டனுள் நிலம் நிலைத்து நிற்பது. பொழுது இடையறாது பெயர்வது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுதும் ஆறு. முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. அங்கே கணவன் வரவை நோக்கி ஆற்றியிருத்தல் ஒழுக்கம். நெய்தலுக்கு எற்பாடு உரியது; அங்கே இரங்குதல் ஒழுக்கம். ஒரே மனிதர், ஒரே ஊர். ஆயினும், பொழுது பெயருந்தோறும் நெஞ்சின் நிலையும் பெயர்கின்றது. நிலம் நமக்கு ஊன்றி நிற்றலைக் கற்பிக்கின்றது. பொழுது வருவதை ஏற்று நடத்தலைக் கற்பிக்கின்றது. இவ்விரு கல்வியும் ஒருங்கே கைவந்தவிடத்துப் பிறப்பதே அமைதி எனலாம்.

இவ்விடத்து மாணாக்கர் சிறப்பாக உற்றுநோக்கத்தக்கது பாலைத்திணை. தொல்காப்பியர் முல்லைக்கு மாயோனையும், குறிஞ்சிக்குச் சேயோனையும், மருதத்துக்கு வேந்தனையும், நெய்தலுக்கு வருணனையும் தெய்வங்களாகக் கூறி நானிலத்தோடு நிறுத்தினார். பாலைக்கெனத் தனிநிலம் அவர் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தத்தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பதனைச் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் விளக்கினார். எத்துணை ஆழமான கருத்து இது! பாலை என்று ஒரு நாடு இல்லை. நேற்று முல்லையாய் இருந்ததே இன்று பாலையாய் நிற்கின்றது. மழை பெய்தால் நாளை மீண்டும் முல்லையாகும். வறட்சி என்பது நிலத்தின் நிலையான இயல்பன்று. அது கடந்து செல்லும் ஒரு பருவம். பிரிவுக்குரிய திணையாகப் பாலையை வைத்த பெரியோர், துன்பத்தின் இயல்பையும் அதனுள்ளேயே உணர்த்திவிட்டனர். நெஞ்சு வறண்டுபோன காலத்தில், 'நான் வறண்டவன்' என்று எண்ணுவான் கலங்குவான். 'இது வறட்சிக்காலம்' என்று அறிவான் ஆறியிருப்பான்.

இனி, இக்கருத்தை நாம் பிறந்து வாழும் மண்ணில் வைத்துக் காண்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைமேற் படிந்த மண், பனையும் வேம்பும் பூவரசும் நிற்கும் வேலிகள், கிணறுகள், களப்புகள், மூன்று பக்கமும் கடல்: இவையே நமது செல்வம். இயற்கையழகு என்றவுடன் பனிமூடிய சிகரத்தையும் பாய்ந்துவிழும் அருவியையும் நினைப்பார்க்கு இந்நிலம் ஏமாற்றமாகவே தோன்றும். ஆனால், பருவந்தோறும் இதனைப் பார்த்துப் பழகியவர்க்கு இது திறந்து வைத்த நூல்.

ஏடுகள் கூறும் கார்காலம் ஆவணியும் புரட்டாதியும் ஆகும். நம் குடாநாட்டிலோ பெருமழை தொடங்குவது ஐப்பசியில். ஆண்டுதோறும் இங்குப் பெய்யும் மழை 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றாற் கிடைப்பதே. ஆகவே, பருவத்தை ஏட்டிற் படித்தல் மட்டும் போதாது. முற்றத்தில் நின்றும் படித்தல் வேண்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சூடேறிய செம்மண்ணிலிருந்து எழும் மணம் வீட்டினுள்ளும் வந்து புகும். தரவைகளில் நீர் தேங்கும்; தவளைகள் இரவு முழுவதும் ஓயா. கந்தசட்டி விரதம் அம்மழைக்காலத்தில் வருகின்றது. கார்த்திகை விளக்கீட்டன்று ஈரவாடைக்கு அணையும் சுட்டிகளை மீண்டும் மீண்டும் ஏற்றாத பிள்ளைகள் நம்முள் எவர்? அணைவதும் ஏற்றுவதும் ஆகிய அவ்விளையாட்டிலும் ஒரு பாடம் உண்டு.

மார்கழியில் மழை தணிந்து பனி இறங்கும். திருவெம்பாவைக் காலத்து விடியற்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிப்பது, அக்குளிரினூடே கேட்குமிடத்து, உறக்கத்தினும் இனிதாய் இருக்கும். தையிற் கதிர் முற்றிப் பொங்கற் பானை ஏறும். வாடைக்காற்றிலே விண் பூட்டிய பட்டங்கள் இரவிலும் வானத்தில் நின்று கூவும். தூரதேயங்களிலிருந்து வந்த பறவைகள் களப்புகளிலும் கரையோரச் சதுப்புகளிலும் நிறைந்திருக்கும். மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அப்பறவைகளும் ஒரு காரணமாம். வெயில் ஏற ஏற அவை புறப்பட்டுப் போய்விடும். வருகைக்கு மகிழ்ந்த நாம் போக்குக்கு வருந்துவதில்லை. மீண்டும் வரும் என்பதை அறிவோம்.

சித்திரையில் வேம்பு பூத்து உதிர்கின்றது. கசப்பான அப்பூவையே பொறுக்கி வடகமாக்கி வைப்பது நம் தாய்மாரின் கைவழக்கு. வைகாசி தொடங்கிச் சோளகம் எழும். பனையோலைகள் இரவும் பகலும் சலசலக்கும், புழுதி பறக்கும், கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழிறங்கும். இதுவே நமது பாலை. ஆனால், இப்பாலைக்குள் எத்துணை நிறைவு! கறுத்தக்கொழும்பான் மாங்கனி பழுப்பதும், நுங்கு சீவப்படுவதும் இவ்வெம்மைக் காலத்திலேதான். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் வீடுதோறும் ஆக்கப்படுவதும், ஆடியமாவாசையன்று கீரிமலையிலே தந்தையரை இழந்தோர் கடலருகே ஊறும் நன்னீரில் ஆடிப் பிதிர்க்கடன் செய்வதும் இக்காலத்திலேதான். நல்லூர்க் கந்தன் திருவிழாவும், தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவும் இவ்வெயிலிலேயே நிகழ்கின்றன. நிலம் மிக வறண்டிருக்கும் பொழுதிலேயே மக்கள் பெருந்திரளாய்க் கூடி வழிபடும் விழாக்கள் நடைபெறுகின்றன. மண் காய்ந்த காலத்தில் மனம் காயாதிருக்க இவ்விழாக்கள் துணைபுரிகின்றன என்று கொள்ளுதல் பிழையாகாது.

இப்பருவச் சுழற்சி முழுவதையும் ஒரு பனைமரத்தடியில் நின்றே காணலாம். வெயிலிற் கனிந்த பழம் ஆடி ஆவணியில் விழும். அதன் களி அதே வெயிலிற் பனாட்டாகக் காயும். எஞ்சிய விதை மழைக்குமுன் பாத்தியில் அடுக்கப்படும். மாரி முழுவதும் அது மண்ணுள் ஒன்றும் தெரியாமற் கிடக்கும். தை மாசியிற் கிண்டினாற் கிழங்காய் இருக்கும். பின்னர் அக்கிழங்கு மாசி பங்குனி வெயிலிற் காய்ந்து ஒடியலாகும். வெயில் மழைக்கு வேண்டியதை ஆயத்தஞ் செய்கின்றது. மழை வெயிலுக்கு வேண்டியதை உண்டாக்குகின்றது. ஒன்றை நன்று என்றும் மற்றொன்றைத் தீது என்றும் பிரிக்க இடமேயில்லை. புறத்தே ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும் காலத்திலும் மண்ணுள் வளர்ச்சி நடைபெறுகின்றது என்பது தேர்விற் பின்தங்கிய மாணாக்கனும், முயற்சியிற் சோர்ந்த ஆசிரியனும் ஒருங்கே நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வமைதியைச் சைவசித்தாந்தம் எந்நோக்கிற் காண்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. இயற்கையே இறைவன் என்று சித்தாந்தம் கூறவில்லை; இயற்கை பொய்த்தோற்றம் என்றும் அது கூறவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையிலிருந்து தோற்றுவிக்கப்பட்டு உயிர்களுக்கு இறைவனால் அளிக்கப்படுகின்றன என்பது அதன் துணிபு. தனு உடம்பு, கரணம் மனம் முதலிய கருவிகள், புவனம் வாழிடம், போகம் நுகர்ச்சி. ஆகவே, நாம் வாழும் நிலம் ஒரு கொடை. உயிர் பக்குவம் அடைவதற்கென்று அளிக்கப்பட்ட கொடை. காலமும் நியதியும் தத்துவங்களுள் வைத்து எண்ணப்படுதலும் இங்கு நினையத்தகும். நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் சிவபெருமானுக்கு வடிவங்கள் எனச் சொல்லப்படுதலால், இவை அவன் விளங்கித் தோன்றும் இடங்களுமாயின. கடல் சூழ்ந்த குன்றின்மேல் திருக்கோணேச்சரம் அமைந்ததும், பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் அமைந்ததும், மூர்த்தியோடு தலமும் தீர்த்தமும் ஒருங்கு போற்றப்படுவதும் இக்கருத்தின் விளக்கங்களேயாம். நிலத்தை நுகர்பொருளாகப் பார்ப்பவன் அதனிடம் இன்பத்தை எதிர்பார்த்து ஏமாறுகின்றான். கொடையாகப் பார்ப்பவன் வெயிலையும் நன்றியோடு பெற்றுக்கொள்கின்றான்.

இக்கால அறிவியலும் இவ்வுண்மையின் ஒரு கூற்றைத் தன் வழியிற் கண்டிருக்கின்றது. றோஜர் உல்றிச் என்னும் அமெரிக்க அறிஞர், பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 1984 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருட் பாதிப்பேர் படுத்திருந்த அறைகளின் சாளரங்கள் மரங்களை நோக்கியிருந்தன. ஏனையோரின் சாளரங்கள் செங்கற்சுவரை நோக்கியிருந்தன. மரங்களைக் கண்டவர்கள் சராசரி 7.96 நாளிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். முன்னையோர்க்குக் கடுமையான நோவுநீக்கி மருந்துகளும் குறைவாகவே வேண்டியிருந்தன. வேறுபாடு சிறிதெனினும் கருத்துப் பெரிது. மரம் நோயாளனுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவன் பார்வைக்குள் நின்றது, அவ்வளவே. தன்னைச் சுற்றியே சுழன்றுகொண்டிருந்த நினைவு தனக்குப் புறம்பான ஓர் உயிரின்மேற் சென்று தங்கியதே அவனுக்கு ஆறுதல் ஆயிற்றுப்போலும்.

இவ்விடத்து ஒரு தடை எழக்கூடும். 'இயற்கை அன்னை என்று புகழ்கின்றீர். அவ்வன்னையே பிள்ளைகளை விழுங்கியதை மறந்தீரோ?' என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயல் வட இலங்கையைக் கடந்து சென்று, பாக்குநீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பரில் எழுந்த சூறாவளி மட்டக்களப்பு மாநிலத்தை நிலைகுலையச் செய்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை நம் நாட்டில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. வடமராட்சி கிழக்கிலும், முல்லைத்தீவிலும், மட்டக்களப்பிலும், அம்பாறையிலும் கடலைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அதன்பின் நெடுநாள் அக்கடலைப் பாராது முகந்திருப்பி இருந்தனர். அவரிடஞ் சென்று, 'கடலைப் பாருங்கள், அமைதி பெறுவீர்கள்' என்று எவன் சொல்லத் துணிவான்?

இத்தடைக்கு எளிய விடையில்லை. இயற்கை நம்மிடம் கனிவுடையது என்று கூறினால் அது மெய்யாகாது. கடல் நம்மை நேசிக்கவுமில்லை, பகைக்கவுமில்லை. அதன் ஒழுங்கு நமது விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர் கடலின் இவ்வியல்பை அறியாதவரல்லர். கடற்கரையை அவர் இன்பச்சோலையாக மாத்திரம் காணவில்லை. அழுகைக்கும் ஒரு நிலம் உண்டு, ஒரு பொழுது உண்டு என்று அவர் வகுத்தனர். துயரத்தை மறைக்குமாறு இயற்கை நம்மைக் கேட்பதில்லை. அதனை வைத்தற்கு இடந்தருகின்றது. இடமும் காலமும் பெற்ற துயரம் மெல்ல மெல்லப் பொறுக்கத்தக்கதாகின்றது. பேரலைக்குப்பின் அதே கரையோரங்களில் வலையும் வள்ளமும் மீண்டும் கடலில் இறங்கின. இறக்கியவர்கள் இழந்ததை மறந்தவர்களல்லர். மறவாமலே மீண்டும் கடலோடு வாழக் கற்றனர். அவர் அடைந்தது எளிதிற் கிட்டாத அமைதி.

மற்றொரு வினாவும் உண்டு. நமக்கு அது மிக அணிமையானது. நிலமே கைவிட்டுப்போனால் என் செய்வது? 1990 ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் தாம் பிறந்த ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வளவுகளைத் துறந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றனர். பலர் பல்லாண்டுகளின்பின் திரும்பியபோது கிணறு தூர்ந்திருந்தது. நின்ற பனைகள் இல்லை. கடல்கடந்து சென்றோர் பனையைக் காணாத நாடுகளிற் பனிமழையின் நடுவே வாழ்கின்றனர். நிலத்தையே முதற்பொருளாகக் கொண்ட ஓர் இனத்துக்கு இதனினும் கொடிய சோதனை வேறுண்டோ?

இதற்கு விடையாக அப்பரடிகள் வரலாறு முன்நிற்கின்றது. பல்லவ மன்னனின் ஆணையால் நீற்றறையில் இடப்பட்டு ஏழுநாள் அடைபட்டிருந்த காலத்தில் அவர் ஒரு பதிகம் அருளினார் என்பது பெரியபுராணங் கூறும் செய்தி. அப்பதிகத்தின் முதற்பாட்டில் இறைவனது திருவடி நிழலுக்கு உவமையாக வந்தவற்றுள் ஓர் இசைக்கருவி தவிர ஏனைய யாவும் இயற்கையினின்றும் எடுக்கப்பட்டன. பருவமும் அவற்றுள் ஒன்று. சுற்றிலும் நெருப்பு, நெஞ்சிலோ இளவேனில்! கண்முன் இல்லாத பருவத்தை உள்ளத்தே வைத்திருந்தார். மேனாட்டுக் கவிஞராகிய வேட்ஸ்வேத்தும் 1793 இற் கண்ட வை ஆற்றுப் பள்ளத்தாக்கை ஐந்தாண்டு கழித்து 1798 இல் மீண்டும் கண்டு பாடியபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் நகரத்து ஆரவாரத்தினிடையே அந்நிலத்தின் நினைவே தமக்கு ஆறுதலாயிருந்தது என்னும் கருத்தை வெளியிட்டார். நம்மவருள்ளும் அகதிக்கொட்டிலின் வாயிலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ முருங்கைத்தடியையோ நட்டவர் எத்தனைபேர்! குளிர்நாட்டு வீட்டின் சாளரத்தருகே சாடியில் ஒரு மிளகாய்ச் செடியை வளர்த்து அதன் முதற்பூவை ஊருக்குப் படமெடுத்து அனுப்புவோர் எத்தனைபேர்! உற்றுப் பார்த்து உள்வாங்கிய நிலம் ஒருவனை விட்டு முற்றாகப் போவதில்லை. பாராமல் வாழ்ந்த நிலமோ, அதன்மேல் நிற்கும்போதே அவனுக்கு உரியதாகாது.

ஆனால், நினைவிற் காத்தல் ஒன்றே நம் கடன் அன்று; நிலத்தையும் காத்தல் வேண்டும். குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அதன்கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. அக்கணக்கின்படியே மேலே 1 அடி குறைந்தால், கீழே 40 அடியளவு உவர் ஏறுதற்கு இடமுண்டாகும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இறைவை இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மிகுதியாக இறைத்தலும், மழைநீரை நிலத்தினுட் புகவிடாது முற்றமெங்கும் சீமெந்து பரவுதலும், குளங்களைத் தூர்த்தலும் தொடருமாயின், வறட்சி ஒரு பருவமாய் வந்து போகாது, நிலைத்துவிடும். பாலைக்குத் தனிநிலம் இல்லை என்றனர் முன்னோர். அதற்கு ஒரு நிலத்தைத் தேடிக்கொடுத்த பழி நம் தலைமுறையைச் சாருதல் ஆகாது. கோயிற் கேணியைத் தூர்வாருதலும், வேலியோரத்தில் ஒரு வடலியை வெட்டாது விடுதலும் சமயத் தொண்டுகளே என்று உணர்தல் வேண்டும்.

கல்விக்கூடங்கள் இதிற் செய்யத்தக்கது பெரிது. கவியரசர் தாகூர் 1901 இற் சாந்திநிகேதனத்தில் பள்ளி நிறுவியபோது மரநிழலையே வகுப்பறையாகக் கொண்டார். மழையை வரவேற்றலும், வசந்தத்தைக் கொண்டாடுதலும், மரம் நடுதலும் பின்னர் அங்கே விழாக்களாயின. பருவத்தை அறிதல் கல்வியின் ஒரு பகுதி என்பது அவர் கொள்கை. நம் கல்லூரி முற்றத்து வேம்பு எந்த மாதம் இலையுதிர்க்கின்றது, எந்த மாதம் பூக்கின்றது என்று கேட்டால், அதனடியிற் பல்லாண்டு நடந்த நம்மிற் பலர் விடையிறுக்க மாட்டோம். ஆசிரியராகிய நாமும் அதற்கு விலக்கல்லோம்.

ஆகவே, மாணாக்கரே, உமக்குக் கூறத்தக்கது சிறியதொரு பயிற்சியே. ஒரு மரத்தைத் தெரிந்துகொள்க. ஆண்டு முழுவதும் நாடோறும் சிலகணம் அதன் எதிரே நின்று பார்த்து, கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. காற்று எத்திசையிலிருந்து வருகின்றது, கிணற்று நீர் எத்தனையாவது படியில் நிற்கின்றது, எந்தப் பறவை வந்தது, எது போயிற்று என்பவற்றையும் குறித்துவைக்க. முதல் மாதத்தில் இஃது ஒரு வேலையாய்த் தோன்றும். ஆடியிற் காய்ந்து நின்றதைக் கார்த்திகையில் துளிர்த்து நிற்கக் காணும்போது, குறிப்பேட்டின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நீர் அம்மரத்தின் கதையை மாத்திரம் எழுதவில்லை என்பது அப்போது விளங்கும்.

இயற்கை அமைதி தருவது எவ்வாறு என்று தொடக்கத்தில் வினவினோம். அழகு காட்டி மகிழ்விப்பதனால் மாத்திரம் அன்று. வருவதும் போவதும் ஒழுங்கில் அமைந்தவை என்று ஆண்டுதோறும் சலியாது எடுத்துக்காட்டுவதனாலும், அவ்வொழுங்கை வகுத்த ஒருவன்பால் நெஞ்சைச் செலுத்துவதனாலுமே என்பது நாம் கண்ட விடை. இக்கட்டுரையை எழுதும் இவ்வேளையில் வெளியே சோளகம் வீசுகின்றது. கிணற்றில் நீர் அடியிற் கிடக்கின்றது. ஐப்பசி வரும்.